அத்தை கத்தரித்த வேதம்

என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அழகான ஒரு சின்னப் பெட்டியைப் பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்து உங்கள் உள்ளங்கையில் வைத்து, அதைப் பார்த்ததும் உங்களுக்குக் குமட்டியிருக்கிறதா? எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமை அப்படி ஆயிற்று.

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக் கடையில் என் மகள் வாங்கி வந்தது அது. ரொட்டித் துண்டு மாதிரி செய்த பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே பல நிறத்தில் சிறு சிறு அட்டைகள். அட்டைக்கு ஒரு வசனம். காலையில் எழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஓர் அட்டையை உருவினால் அன்றைக்குரிய வாக்குக் கிடைத்துவிடும்.

"ஒண்ணு எடும்மா, உனக்கு என்ன வருதுன்னு பாப்போம்" என்றாள்.

நான் கையை உதறியதில் பெட்டி தரையில் விழுந்து அட்டைகள் எல்லாம் சிதறிவிட்டன.

"என்னம்மா, உள்ள பல்லி கில்லி இருந்துச்சா?" என்று சிரித்துக்கொண்டே பொறுக்கினாள். ஒரு மஞ்சள் அட்டையை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். "இதக் கலந்துறக் கூடாது. அந்த அலங்காநல்லூர்ப் பக்கத்துச் சம்பந்தத்துக்காகக் காலையில ஜெபம் பண்ணி எடுத்தது. பயப்படாத, நான் கூட இருக்கேன்னு வந்துருக்கு. கர்த்தரே பதில் சொல்லிட்டாரு. இனிமே நீ விசாரிக்கணும் விசாரிக்கணும்னு அலைய வேண்டாம்."

மாப்பிள்ளை என்று சொல்லப்பட்டவனை அவள் ஒரே ஒரு புகைப்படத்தில் பார்த்திருக்கிறாள். அவன் குடிப்பானா, கோபக்காரனா, வீட்டில் யார் யார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. புறவாசலுக்குப் போய் முகம் கழுவினேன்.

நான் அவிசுவாசி இல்லை. காலையில் வேதம் வாசிக்காமல் எனக்குக் காப்பி இறங்காது. ஆனால் அந்த அட்டைகளைப் பார்த்ததும் என் மூக்கில் ஏறியது புதுப் பிளாஸ்டிக் வாசனை இல்லை. மூக்குப்பொடி, எச்சில், துருப்பிடித்த தகரம், கண்ணில் வழியும் சீழ் எல்லாம் கலந்த ஒரு நாற்றம். அது எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் புரியும்.

நான் சிறுமியாக இருந்தபோது நாங்கள் பசுமலை அடிவாரத்தில் வாத்தியார்மார் குடியிருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அம்மா, நான், என்னைவிட மிகவும் சின்னவளான தங்கை, அப்பாவின் அக்காவான அத்தை. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். சாலையில் கார் ஒன்று போனால் எல்லாப் பிள்ளைகளும் வாசலுக்கு ஓடிவருவோம்.

அத்தை இளவயதிலேயே புருஷனை இழந்தவள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, வேதம் வாசித்துக் காட்டுவது அவள் வேலை. வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக அவள் வெயிலில் நடந்து வந்தால் தெருவே ஒதுங்கி நிற்கும். அவளுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் மூக்குப்பொடி. அதைக்கூடக் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டுதான் போடுவாள்.

அவள் வேலையை மெச்சி, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரைசானி பெரிய எழுத்து வேதப்புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தோல் அட்டை, ஓரத்தில் பொன் பூச்சு. அதை என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? கத்தரித்தாள்.

மத்தியான வேளைகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பூத்தையல் கத்தரிக்கோலால், மனசுக்கு இதமான வசனங்களை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். ஆறுதல், ஆசீர்வாதம், வாக்குத்தத்தம். கண்டிப்பு, எச்சரிப்பு, சாபம் எதையும் தொடவில்லை. வெட்டிய துண்டை விரலால் உருட்டிச் சின்னச் சுருளாக்கி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். டப்பாவின் மூடியில் குடை பிடித்த ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் படம் இருந்தது. முகம் மட்டும் துருவில் உதிர்ந்துபோயிருந்தது.

ஒரு பக்கத்தில் துண்டு வெட்டினால் மறுபக்கத்திலும் ஏதோ ஒன்று போகும் அல்லவா? அதைப் பற்றி வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. எனக்கு வந்த சுருளின் பின்பக்கத்தைத் திருப்பி வாசிப்பேன். பாதியில் ஆரம்பித்துப் பாதியில் முடியும். யாரோ யாரையோ எதற்காகவோ திட்டிக்கொண்டிருப்பார்கள். அத்தை என் விரலில் ஒரு தட்டுத் தட்டுவாள். "பின்னால என்னடீ பார்வை? நமக்குள்ளது முன்பக்கந்தான்."

மிச்சமிருந்த வேதம் சல்லடையாகிவிட்டது. அதை எறிய அவளுக்கு மனம் வரவில்லை. அதன்மேல்தான் டப்பா உட்கார்ந்திருக்கும். அத்தை வெளியே போயிருக்கும்போது நானும் தங்கையும் டப்பாவை மெல்ல நகர்த்திவிட்டு அந்தப் புத்தகத்தை எடுத்து விளையாடுவோம். ஒரு தாளைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தால் வசனம் போன இடம் ஜன்னல் மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் இருந்து தங்கை கண்ணை ஒட்டிவைத்துக்கொண்டு, "அக்கா, நான் தெரியுறேனா?" என்பாள்.

சின்ன நீளச் சதுரத்துக்குள் ஒரு கண். கறுகறுவென்று, ஈரமாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"தெரியலையே, யாரது?" என்பேன். கண் இன்னும் பெரிதாகும்.

காலை ஜெபத்தில் அத்தை டப்பாவைத் திறப்பாள். ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, உள்ளே விட்டுத் துழாவி, விரலில் ஒட்டிக்கொண்டு வரும் சுருளை எடுத்து ஆளாளுக்குக் கொடுப்பாள். அந்த விரலில் மூக்குப்பொடி அப்பியிருக்கும். வருஷக்கணக்கில் அந்த எச்சிலும் பொடியும் பட்டுப் பட்டு, காகிதமெல்லாம் வெற்றிலைக் காவி ஏறிய பல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அம்மா தன் சுருளைக் கொண்டையில் செருகிக்கொள்வாள். அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அதைத் தொட எனக்கு அப்போதே அருவருப்பு. ஆனாலும் வாங்கிக்கொள்ளாமல் இருந்தால் அந்த நாளே பாதுகாப்பில்லாமல் போய்விடும் போலிருக்கும்.

இதுவரைக்கும் குற்றமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு நல்ல வார்த்தை யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் டப்பா மெல்ல மெல்ல உத்தரவு போட ஆரம்பித்தது. ஆடு வாங்கலாமா என்று கேட்டுச் சுருள் எடுத்தார்கள். புல்லுள்ள இடங்களில் மேய்ப்பதைப் பற்றி வந்தது. வாங்கினார்கள். அந்த ஆடு வாங்கின வாரமே அப்பாவின் ஒரே கோட்டைத் தின்றுவிட்டுச் செத்தது. "கோட்டு மேல அம்புட்டுப் பெருமை இருந்துச்சு ஒனக்கு, அதான்" என்று அத்தை அப்பாவிடம் சொன்னாள். டப்பாவின்மேல் குற்றம் வராது. குற்றமெல்லாம் நம்மேல்தான்.

அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. தாயில்லாத அவரை வளர்த்தவள் அத்தைதான். அது மட்டும் காரணமில்லை என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் புரிந்தது. எதையும் தீர்மானிக்காமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. படித்த ஆண்பிள்ளை அந்தச் சுகத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

அந்த வருஷம் சித்திரை வெயிலோடு மணல்வாரி அம்மை வந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் குடியிருந்த பால்காரம்மாவின் மகனுக்கு முதலில் போட்டது. அடுத்துத் தங்கைக்கு. பால்காரம்மா வாசலில் வேப்பிலை செருகியதைப் பார்த்து அத்தை, "சீக்கையும் சாமியாக்கிட்டாளுக" என்று உதட்டைச் சுழித்தாள். எங்கள் வீட்டில் தங்கையின் பாய்க்கு அடியிலும் வேப்பிலைதான் பரப்பியிருந்தது. "இது மருந்துக்கு" என்றாள் அத்தை.

அம்மை இறங்கிவிட்டது. கண்தான் கெட்டுப்போயிற்று. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி. தங்கைக்கு முதலில் வெளிச்சம் ஆகவில்லை. மூலையில் சுவரைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்தாள். பிறகு இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டன. காலையில் வெந்நீர்த் துணியால் ஒற்றி ஒற்றித்தான் பிரிக்க வேண்டும். பிரித்ததும் மஞ்சளாக வழியும். அந்தத் துணியை அலசுவது என் வேலை. ஈக்கள் என்னோடு கிணற்றடி வரைக்கும் வரும். தாய்ப்பால் விட்டுப் பார்த்தார்கள், விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். ஒருநாள் அம்மா அவள் இமையை விரித்துப் பிடித்து வெளிச்சத்தில் காட்டியபோது, வலது கண்ணின் கருவிழிமேல் சோற்றுப் பருக்கை ஒட்டினமாதிரி ஒரு வெள்ளை இருந்தது. அம்மா அதை விரலால் எடுக்கப் பார்த்தாள். அது ஒட்டியிருக்கவில்லை. உள்ளேயே இருந்தது.

மறுநாள் காலை பால் அளக்க வந்த பால்காரம்மா வேலியோரமாக நின்று அம்மாவைக் கூப்பிட்டாள்.

"வாத்தியாரம்மா, எம் மகனுக்கும் வெள்ளை விழுந்துருச்சு. ஊருக்குள்ள மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்."

"உங்க வீட்டுல சம்மதிச்சுட்டாகளா?" என்றாள் அம்மா. அம்மை கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்று அவர்கள் வீட்டில் பயம்.

"அவுகளா? கோயில்ல பூக்கட்டிப் பாருன்னாக."

உங்களில் சிலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் பொட்டலமாகக் கட்டிச் சந்நிதியில் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தால் வரும் நிறந்தான் சாமியின் உத்தரவு.

"வெள்ளை வந்தா ஆஸ்பத்திரி, செவப்பு வந்தா வீட்டோட கெடக்கணும்னு நெனச்சேன். செவப்பு வந்துச்சு."

"அய்யோ. அப்புறம்?"

"மறுபடி கட்டுங்க சாமின்னேன். மறுபடியும் செவப்பு. பூசாரி என்னைய மொறைக்கிறாரு. ஆத்தாளுக்கு இன்னைக்குக் காது மந்தமா இருக்கு, நீங்க சத்தமாக் கேளுங்கன்னேன். அடுத்த தரம் வெள்ளை வந்துருச்சு."

அம்மா அத்தனை நாளுக்குப் பிறகு சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். "திரும்பவும் செவப்பே வந்துருந்தா?"

"திரும்பக் கட்டியிருப்பேன். மதுரையில பூவுக்கா பஞ்சம்? பெத்தவ நானா, பூவா?"

உள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. "அஞ்ஞானம்! பூவக் கட்டிப் போட்டு உத்தரவு கேக்குறதே பாவம். அதுலயும் வேணுங்கிற பதில் வார வரைக்கும் கேக்குறாளாம்."

"நீங்க டப்பாவுல கேக்குறீகளே பெரியம்மா, அது மட்டும் என்னவாம்?"

"அது சீவனுள்ள வார்த்தைடீ!"

"அப்ப எங்க பூ செத்த பூவாக்கும்" என்றாள் பால்காரம்மா. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் குனிந்தாள். "வில்லாபுரத்துல இருந்து எந் தம்பி வண்டி பூட்டிக்கிட்டு வாரான். கூண்டு வண்டி, வெயில் படாது. பாப்பாவையும் தூக்கிட்டு வாங்க. ரெண்டையும் சேத்துக் காட்டிட்டு வந்துருவோம்."

அம்மா தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். அப்பா பள்ளிக்கூடம் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரம் இன்ஸ்பெக்டர் வருகை. கோட்டை ஆடு தின்றுவிட்டதால் யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றால் அவர் லீவு கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தை நடத்திய மேனேஜர் துரையின் முகத்தை நினைத்தாலே அவருக்கு வியர்க்கும்.

"வண்டி வருதாம். நான் மட்டும் போயிட்டு வாரேன், நீங்க வர வேண்டாம்" என்றாள் அம்மா.

"நீ மட்டும் எப்பிடிப் போவ? பெரிய விஷயம் பாரு இது. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேப்போம்" என்றார் அப்பா.

அத்தை ஏற்கெனவே டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் முழங்காலில் நின்றோம். தங்கை மட்டும் மூலையில் கவிழ்ந்து கிடந்தாள். அத்தை உருக்கமாகத்தான் ஜெபித்தாள். அழுதாள்கூட. அந்த அழுகை பொய்யில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சலாக வருகிறது. பிறகு விரலை நாக்கில் தொட்டாள். துழாவினாள். சுருளைப் பிரித்தாள்.

கர்த்தரே உங்களுக்காகப் போராடுவார், நீங்கள் பேசாமல் சும்மா இருங்கள் என்கிற வசனம் வந்திருந்தது.

"ஸ்தோத்திரம்" என்றாள் அத்தை.

நான் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோள் இரண்டும் கீழே இறங்கின. முகம் தெளிந்தது. பொத்தானைப் போட்டு முடித்தார். அதுதான், என் வயதுக்காரர்களே, அந்த முகத்தெளிவுதான் நான் பார்த்தவற்றிலேயே அசிங்கமானது. சீழ்த்துணி அதன் பக்கத்தில் சுத்தமானது.

"இன்னொரு தரம் எடுத்துப் பாக்கலாமா மதினி?" என்று அம்மா அத்தையிடம் கேட்டாள். கெஞ்சினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பால்காரி புத்தி உனக்கும் வந்துருச்சா? ரெண்டாந்தரம் கேக்குறது அவிசுவாசம்."

வெளியே வண்டி வந்து நின்றது. பால்காரம்மா கூப்பிட்டாள். காத்திருந்தாள். மறுபடியும் கூப்பிட்டாள். அம்மா தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படியில் நின்றாளே தவிர, தாண்டவில்லை. வண்டி போய்விட்டது. அச்சுக்கு எண்ணெய் போடாத வண்டி. அது சாலை திரும்புகிற வரைக்கும் கிறீச்சிட்டுக்கொண்டே போனது எங்களுக்குக் கேட்டது.

பிறகு நாங்கள் சும்மா இருந்தோம். தினமும் சுருள் எடுத்தோம். எல்லாம் நல்ல நல்ல வசனங்கள். அந்த டப்பாவில் வேறென்ன வரும்? எழுந்திரு, போ, உன் கண்ணைத் திறந்து பார், நீ செய்வது தப்பு என்று சொல்லும் வசனங்களையெல்லாம் அத்தை வெட்டவே இல்லையே. அவை டப்பாவுக்கு அடியில் மூடிக் கிடந்தன.

இன்ஸ்பெக்டர் வந்து போனார். அப்பாவை மெச்சி இரண்டு வார்த்தை எழுதிவிட்டுப் போனாராம். அதைச் சொல்லிக்கொண்டே அப்பா வீட்டுக்குள் வந்தபோது அம்மாவும் இல்லை, தங்கையும் இல்லை. பால்காரம்மாவின் மகன் கட்டுப் போட்ட கண்ணோடு வேலியோரம் விளையாடுவதைப் பார்த்துவிட்டு, அம்மா யாரிடமும் கேட்காமல், உச்சி வெயிலில், தங்கையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தே போய்விட்டிருந்தாள்.

அத்தையின் கையில் என்னை விட்டுவிட்டுப் போனாளே என்று எனக்கு அழுகை வந்தது. அத்தை எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். கஞ்சியில் மூக்குப்பொடி வாசனை அடித்தது. நான் கிணற்றடியில் கொட்டிவிட்டேன்.

அப்பா மறுநாள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நீள அறையும் பினாயில் நெடியும் மீன் எண்ணெய் நாற்றமும் இப்போதும் என் தொண்டையில் இருக்கின்றன. தங்கையின் வாயில் அந்த மீன் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்கார டாக்டரம்மா அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் மழலைத் தமிழில், "நீர் வாத்தியார். ஏன் தாமதம்?" என்று மட்டும் கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். எங்கள் வீட்டு டப்பாவைப் பற்றி அங்கே, அந்த அம்மாளிடம், அவரால் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாளும் காலையில் வேதம் வாசித்துவிட்டுத்தான் கத்தியைக் கையில் எடுப்பவர்.

இடது கண் தப்பியது. வலது கண் வெளுத்துவிட்டது. முழுக்க, வெந்த முட்டை மாதிரி.

அம்மா தங்கையோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள். பகல் முழுக்கச் செய்ய ஒன்றுமில்லை. அங்கே கட்டிலுக்குக் கட்டில் ஒரு வேதப்புத்தகம் வைத்திருந்தார்கள், கத்தரி படாத முழு வேதம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா துண்டுகளைத்தான் கொண்டையில் செருகிக்கொண்டிருந்தவள். இப்போது பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சும்மா இருக்கச் சொன்ன வசனத்தைத் தேடினாளாம். எங்கே இருக்கிறது என்று தெரியாமல், முதல் பக்கத்திலிருந்து, ஒவ்வொரு வரியாக.

வீடு திரும்பிய மறுநாள் காலை ஜெபம். அத்தை டப்பாவைத் திறந்து விரலை நாக்குக்குக் கொண்டுபோனாள்.

"இருங்க மதினி" என்றாள் அம்மா. டப்பாவைத் தூக்கித் தரையில் வைத்தாள். அடியில் இருந்த சல்லடைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். அதில் ஒரு துளை இருந்தது.

"அன்னைக்கு எடுத்தது இங்க இருந்து வெட்டுனது. முன்னால கடல், பின்னால தொரத்திட்டு வார சேனை. ஜனங்க பயந்து நிக்கிறாக. அப்ப சொன்னது. இப்ப ஓட்டைக்குக் கீழ இருக்கிறத வாசிக்கிறேன்."

வாசித்தாள். துளைக்குக் கீழே, ஒட்டினாற்போல், அடுத்த வரி. என்னிடத்தில் ஏன் முறையிட்டுக்கொண்டிருக்கிறாய், ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல் என்று கர்த்தர் சொல்லுகிற வரி.

தங்கை நல்ல கண்ணால் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

அப்பாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அது... அது வேற சந்தர்ப்பத்துல சொன்னதும்மா."

"இதுவும் வேற சந்தர்ப்பத்துல சொன்னதுதான்" என்றாள் அம்மா, துளையில் விரலை வைத்து.

அதன் பிறகு அத்தை திருந்தினாள், டப்பாவை அடுப்பில் போட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலை டப்பா வழக்கம்போலத் திறந்தது. அம்மா கையை நீட்டவில்லை, அவ்வளவுதான். அப்பா நீட்டினார். கடைசி வரைக்கும் நீட்டினார். அத்தை செத்தபோது டப்பாவை அவள் தலைமாட்டில் வைத்துப் புதைக்க வேண்டும் என்று அழுதவர் அவர். வைத்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பிறகு அதை நான் பார்க்கவில்லை.

பல வருஷம் கழித்து அம்மா ஒன்று சொன்னாள். அத்தைக்கு ஒரு குழந்தை இருந்ததாம். சின்ன வயதில் ஏதோ கட்டிக்கு அதே ஆஸ்பத்திரியில் கத்தி வைத்தபோது மேசையிலேயே போய்விட்டதாம். அதன் பிறகுதான் கத்தரிக்கோலை எடுத்தாளாம், நல்ல நல்ல வார்த்தையாகப் பார்த்து வெட்ட. அவள் வேதத்தைக் கேட்கவில்லை. தன் பயத்தைத்தான் கேட்டாள், அது கடவுள் குரலில் பதில் சொன்னது என்று புரிந்துகொண்டேன். புரிந்ததால் அருவருப்புக் குறைந்ததா என்று கேட்டால், இல்லை. அந்த விரல், அந்த எச்சில், அந்த முகத்தெளிவு. எதுவும் குறையவில்லை.

நான் இந்தக் கலக்கத்தில் இருப்பதைக் கேள்விப்பட்டு நேற்றுத் தங்கை வந்தாள். அவளுக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. எங்களில் அதிகம் சிரிப்பவள் அவள்தான். தினமும் விடியற்காலையில் வேதத்தை ஒற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், நேற்று விட்ட வரியிலிருந்து வாசிப்பாள். பிடித்த வரி, பிடிக்காத வரி, பெயர் வரிசை, சாபம் எதையும் தாண்டமாட்டாள். "தாண்டுனா, ஒத்தக் கண்ணு பத்தலன்னு சொல்லிருவாகளே" என்பாள். புருஷன் வேலை இழந்த காலத்திலும் மகன் காய்ச்சலில் கிடந்த நாட்களிலும் அவளைத் தாங்கியது அந்த வாசிப்புத்தான். எனக்கும் அதை அவள்தான் தொற்றவைத்தாள்.

பையிலிருந்து சல்லடைப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். இத்தனை காலம் அவளிடந்தான் இருந்தது. பொன் பூச்செல்லாம் போய்விட்டது.

"எங்கடீ உன் மாப்பிள்ளை அட்டை? கொண்டா, என்னதான் சொல்றாருன்னு பாப்போம்" என்று என் மகளைக் கூப்பிட்டாள்.

மகள் மஞ்சள் அட்டையைக் கொண்டுவந்தாள். "சித்தி, நீங்களும் அம்மா மாதிரி திட்டாதீக. இது வேதத்துல இருக்கிற வார்த்தைதான்."

"யாரு இல்லைன்னா? நல்ல வார்த்தைதான். யாருகிட்டச் சொன்னது?"

"...தெரியல."

"எதுக்குச் சொன்னது? முந்தின வரி என்ன?"

"சித்தி, அதெல்லாம் அட்டையில போடமாட்டாக."

"ஆமா, இடம் பத்தாது" என்றாள் தங்கை. பிறகு அந்தப் பழைய புத்தகத்தைப் புரட்டி, ஒரு தாளை மட்டும் தூக்கி நிறுத்தினாள். அம்மா அன்றைக்கு விரல் வைத்த தாள்தான் அது என்று எனக்குத் தெரியும். முகத்தைத் தாளோடு ஒட்டிக்கொண்டு, அந்தச் சின்ன நீளச் சதுரத்தில் கண்ணை வைத்தாள். வலது கண்ணை.

"பாப்பா, நான் தெரியுறேனா?" என்று கேட்டாள், சின்னப் பிள்ளைக் குரலில்.

துளைக்குள் வெள்ளையாக இருந்தது. அது எதையும் பார்க்கவில்லை.

என் மகளுக்கு அந்தக் கதை தெரியாது. அதுவரை நாங்கள் யாரும் சொன்னதில்லை. பிறவியிலேயே அப்படி என்றுதான் நினைத்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். துளையைப் பார்த்தாள். டப்பாவைப் பற்றி, வண்டியைப் பற்றி, தங்கையே சொன்னாள். ஆடு கோட்டைத் தின்றதையும் விடாமல் சொன்னாள். அதற்கு மகள் சிரிக்கவில்லை.

வெகுநேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமே அச்சடிக்கவில்லை. வெறும் மஞ்சள். கடைசியில் என் அலமாரியிலிருந்து முழு வேதத்தை எடுத்து வந்து மேசைமேல் விரித்து உட்கார்ந்தாள். அட்டை வசனம் இருந்த பக்கத்தைத் தங்கை எடுத்துக் கொடுத்தாள்.

"எங்க இருந்து வாசிக்கணும் சித்தி?"

"இன்னுங் கொஞ்சம் முன்னால இருந்து" என்றாள் தங்கை.

வாசித்தாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அதிகாரம் முடிந்து அடுத்ததும் முடிந்தபோது நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"அம்மா, அலங்காநல்லூருக்குக் காலையில முதல் பஸ் எப்ப?"